ஓடுகிற மிஷினில் போட்ட சர்க்கரை

1. லாங் பஜாரில் மிஷின் வாங்கிய நாள்

பஞ்சு மிட்டாய் மிஷினை முதலில் ஓட்டிக் காட்டியவர் கடைக்காரர். அடுத்து ஓட்டியவன் தஸ்தகீர். மூன்றாவதாகத்தான் நான் தொட்டேன். வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக் கடையின் பின்கட்டில் அது நடந்தது. வெளியே கைவண்டிக்காரர்கள் வழி கேட்டுக் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் கடைக்காரர் சொன்னதில் பாதிதான் காதில் விழுந்தது என்று பிற்பாடு நான் சொல்லிக்கொண்டதுண்டு. அது பொய். எல்லாமே காதில் விழுந்தது.

என் பெயர் எல்லப்பன். ஆம்பூரில் தோல் பதனிடும் ஒரு டேனரியில் முப்பது வருஷத்துக்கு மேல் டிரம் ஓட்டினேன். படிப்பு கிடையாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். தோல் வேலை போன ஆட்கள் சிலர் இப்போது இந்த மிஷினை வாங்குகிறார்கள். இரண்டு பேர் வீட்டுக்கே வந்து எப்படி ஓட்டுவது என்று கேட்டார்கள். அவர்களுக்குச் சொன்னதைத்தான் இங்கேயும் சொல்கிறேன். நேராகச் சொல்ல எனக்கு வராது. சுற்றிக்கொண்டுதான் வருவேன்.

தஸ்தகீர் என் கூட அதே டேனரியில் இருந்தவன். கம்பெனிக்கு ஆர்டர் நின்று, கேட்டைப் பூட்டியபோது இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வேலை போனது. வேறு வேலைக்கு எங்கள் வயசைக் கேட்டாலே சிரிப்பார்கள். அதனால் இருந்ததைப் போட்டு, கூட்டாக இந்த மிஷினை வாங்கினோம்.

கடைக்காரர் எங்களைக் கிட்டே கூப்பிட்டார்.

"பெரியவரே, பாய், ரெண்டு பேரும் பாருங்க. இந்தப் பெரிய வட்டம் சட்டி. நடுவுல சுத்துது பாருங்க, சின்னதா, கிண்ணம் மாதிரி. அது தான் தலை. சக்கரை அதுல தான் போடணும். உள்ள ஹீட்டர் இருக்கு. சக்கரை உருகி, சுத்துற வேகத்துல சந்து வழியா நூலா வெளிய வரும். சட்டில குச்சிய வெச்சு சுத்தி எடுத்துக்குங்க."

"இவ்ளோ தானா?" என்றான் தஸ்தகீர்.

"இவ்ளோ தான். ஆனா ஒண்ணு. தலை நின்னப்புறம் தான் சக்கரை போடணும். ஓடும்போது போட்டீங்கன்னா பாகு சூடா வெளிய வீசும். ஆஃப் பண்ணிட்டு, நல்லா நின்னுச்சான்னு பார்த்துட்டு, அப்புறம் போடுங்க."

"இன்னா எல்லப்பா," என்று தஸ்தகீர் என்னைப் பார்த்துச் சிரித்தான். "நாம மூணு ஆள் உசர டிரம் ஓட்டினவங்க. இந்தக் கிண்ணத்துக்கு இவ்ளோ பாடமா?"

"கிண்ணம் தான் பாய். விரல வெச்சுப் பாருங்க, தெரியும்," என்றார் கடைக்காரர்.

சட்டிக்கு மேல் கவிழ்க்க ஒரு பிளாஸ்டிக் கூண்டும் கொடுத்தார். முகத்துக்கு நேராக அது இருக்க வேண்டும் என்றார். சரி சரி என்று தலையாட்டிவிட்டு மிஷினை ஷேர் ஆட்டோவில் ஏற்றினோம்.

2. டிரம்மில் நாங்கள் செய்த வேலை

இதைச் சொல்லாவிட்டால் பின்னால் நடந்தது புரியாது.

டேனரியில் டிரம் என்பது படுக்க வைத்த பெரிய மரப் பீப்பாய். உள்ளே தோலும் தண்ணீரும் போட்டு மூடி, மோட்டாரில் உருட்டுவார்கள். கலர் தண்ணீரை உள்ளே விட நிறுத்த மாட்டோம். அச்சின் நடுவில் ஒரு ஓட்டை இருக்கும். டிரம் ஓட ஓட அந்த ஓட்டை வழியாக ஊற்ற வேண்டும். நான் சேர்ந்த முதல் நாள் அது தெரியாமல் டிரம்மை நிறுத்தச் சொல்லிவிட்டு வாளியோடு போனேன். மேஸ்திரி என் முதுகில் ஒன்று வைத்தார்.

"நிறுத்திட்டுப் போட்டா ஒரே எடத்துல புடிச்சுக்கும்டா. தோல் பூரா திட்டு திட்டா வரும். ஓடும்போது போடு. எப்பவும் ஓடும்போது போடு."

அந்த அடிக்குப் பிறகு ஒரு நாளும் நான் நிறுத்திவிட்டுப் போட்டதில்லை.

அச்சுப் பக்கம் நிற்கிறவனுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது என்று தெரியாது. தஸ்தகீர் அந்தப் பக்கம் நிற்பான். நான் வாளியைத் தூக்கி, "போடவா?" என்று கத்துவேன். அவன் "போடு!" என்று கத்துவான். ஒரு நாளைக்கு எத்தனை தரம் என்று கணக்கே இல்லை. அவனுக்கு ஜலதோஷம் பிடித்துக் குரல் போயிருந்த நாட்களில் டிரம்மைத் தட்டிக் காட்டுவான். பதில் வராமல் நான் போட்டதில்லை. நான் கேட்டு அவன் பதில் சொல்லாமல் இருந்ததும் இல்லை.

தஸ்தகீருக்கு ஒரு கண்தான். இடது கண் வெகு நாளைக்கு முன்பே சுண்ணாம்புத் தண்ணீர் தெறித்துப் போய்விட்டது. ஆனால் வலது கண் இருந்ததே, அது கம்பெனியின் சொத்து. ஷேட் பார்ப்பதில் அவனுக்கு மேல் ஆள் கிடையாது. வெளிநாட்டுக்காரர்கள் ஒரு துண்டுத் தோல் அனுப்பி இதே கலர் வேண்டும் என்பார்கள். டிரம்மிலிருந்து எடுத்த தோலையும் அந்தத் துண்டையும் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பான். ஈரத்தோல் காய்ந்தால் எந்தக் கலருக்குப் போகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பான்.

"மஞ்சள் கம்மி. ஒரு பிடி போடு. செவப்பு இப்பவே ஜாஸ்தி, அதத் தொடாத."

எங்கள் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகத்தான் தெரியும். காய்ந்த பிறகு பார்த்தால் அவன் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

3. மிஷினை எப்படி வைப்பது, எப்படி ஓட்டுவது

இனி மிஷினுக்கு வருகிறேன்.

மேஜை ஆடக் கூடாது. ஒரு தட்டில் தண்ணீர் ஊற்றி மேஜையில் வையுங்கள். தண்ணீர் ஒரு பக்கம் ஒதுங்கினால் காலுக்கு அட்டை வைத்துச் சமன் செய்யுங்கள். மிஷின் சாய்ந்திருந்தால் தலை உதறும்.

கரண்டில் எர்த் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள். காவேரிப்பாக்கத்தில் ஒரு திருவிழாவில் எர்த் இல்லாத ஒயரில் போட்டுவிட்டு சட்டியைத் தொட்டேன். சுண்டி இழுத்தது. தஸ்தகீர் மரக்குச்சியால் பிளக்கைத் தட்டிவிட்டு, "இன்னா எல்லப்பா, மிஷினுக்கும் உன்ன புடிக்கல போல" என்றான். மெல்லிய ஒயரில் போடாதீர்கள், ஹீட்டர் அதிகம் இழுக்கும், ஒயர் உருகும். அதே ஊரில் ஏரிக்காற்று அடித்து நாங்கள் சுற்றிய பஞ்சு எல்லாம் ஈரமாகிச் சுருங்கிப் போனது. காற்று வருகிற பக்கம் தட்டி கட்டிக்கொள்ளுங்கள்.

முதலில் தலை காலியாக இருக்க வேண்டும். மோட்டாரைப் போட்டு, பிறகு ஹீட்டர். இரண்டு மூன்று நிமிஷம் சுற்றட்டும். பிறகு இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். நின்றதும் காய்ந்த சர்க்கரையை முக்கால் அளவு, ஒரு பக்கம் குவியாமல் பரப்பிப் போடுங்கள். மறுபடி மோட்டார், பிறகு ஹீட்டர். புகை வந்தால் சூடு ஜாஸ்தி, குறையுங்கள். ஜனங்கள் கை எட்டாத தூரத்தில் ஒரு கயிறு கட்டுங்கள். வேலை முடிந்ததும் ஹீட்டரை நிறுத்திவிட்டு மோட்டாரைக் கொஞ்ச நேரம் சும்மா ஓட விடுங்கள். நன்றாக ஆறிய பிறகு சட்டியை ஈரத்துணியால் துடையுங்கள். தலையில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

ஆஃப் செய்த பிறகு தலை முழுசாக நிற்க, எங்கள் மிஷினில் நாற்பது எண்ண வேண்டும். நாங்கள் எண்ணித்தான் போட்டோம். தஸ்தகீர் உருதுவில் எண்ணுவான், நான் தமிழில் எண்ணுவேன். யார் முதலில் முடிப்பது என்று போட்டி. சர்ச் ஆண்டு விழா, பள்ளிக்கூட விழா, பிறந்தநாள் என்று ஒரு வருஷத்துக்கு மேல் எண்ணினோம். கூண்டைத்தான் சீக்கிரமே வீட்டில் வைத்துவிட்டோம். அது குச்சிக்கு இடைஞ்சலாக இருந்தது.

4. திங்கட்கிழமை வரச் சொன்னார்கள்

ஒரு நாள் பேரணாம்பட்டு ரோட்டில் இருக்கிற ஒரு தோல் பினிஷிங் யூனிட்டிலிருந்து மேனேஜர் தேடி வந்தார். சின்ன வயசுதான். தஸ்தகீர் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றே பேசினார்.

"பாய், கம்ப்யூட்டர்ல வெச்சா ஷேட் மேட்ச் ஆவுது. தோல் வாங்கற பையர் கைல எடுத்துப் பார்த்தா ரிஜெக்ட் பண்றான். எங்க பழைய ஆளுங்க எல்லாரும் உங்க பேரத் தான் சொல்றாங்க. வர்ற திங்கக்கிழமையிலிருந்து வந்துடுங்க. தூக்குற வேலை ஒண்ணும் கிடையாது. பார்த்துச் சொன்னா போதும்."

தஸ்தகீர் மனைவி ஷமீம் உள்ளே டம்ளரைக் கழுவிக்கொண்டிருந்தது. சத்தம் நின்றுவிட்டது. தஸ்தகீர் தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தான். அவர் போன பிறகு சொன்னான்.

"எல்லப்பா, இந்த வயசுல என் வீட்டுக்கு வந்து கூப்பிடறாங்கடா."

"போ. உன் வேலை அது தான். குச்சி சுத்துறது இல்ல."

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல ஒத்துக்கிட்டமே, அது வரைக்கும் உன் கூட வர்றேன். அப்புறம் நீயே சமாளிச்சுக்கோ. நீ சுத்துறது கோழி றெக்க மாதிரி தான் வரும், இன்னா பண்றது."

அதற்குள் ஷமீம் அவனுக்கு ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து இஸ்திரி போட ஆரம்பித்துவிட்டது. அன்றைக்கு வியாழக்கிழமை.

5. கல்யாண மண்டபம்

அது ஆம்பூரில் பெரிய இடத்துக் கல்யாணம். பகல் சாப்பாடு. ஒரு பக்கம் பிரியாணிப் பந்தி, இன்னொரு பக்கம் ஐஸ்கிரீம், மூலையில் நாங்கள். பந்தியிலிருந்து எழுந்த பிள்ளைகள் எல்லாம் நேராக எங்களிடம்தான் வந்தார்கள். கயிறு கட்டியிருந்தேன். அது ஒன்றைத்தான் அன்று சரியாகச் செய்தேன்.

ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, நாற்பது எண்ணி, போட்டு, மறுபடி சூடேற்றினால் ஐந்து பேருக்குக் கொடுக்கும் நேரம் போய்விடும். கேட்டரிங் ஆள் இரண்டு தரம் வந்துவிட்டார்.

"இன்னா பெரியவரே, கியூ பந்தி வரைக்கும் போயிடுச்சு. பொண்ணு வீட்டுக்காரங்க என்னைக் கேக்கறாங்க. கொஞ்சம் கைய ஓட்டுங்க."

"மிஷின் நிக்கணும் சார்."

"எதுக்கு நிக்கணும்? பக்கத்து ஊர்ல ஒருத்தர் நிறுத்தாமயே போடறார், நான் பார்த்தேன்."

ஒரு அம்மா கயிற்றைத் தாண்டிக் கையை நீட்டி, "பாய், என் பையன் அழுவறான், அவனுக்கு மொதல்ல குடுத்துடுங்க" என்றார். தஸ்தகீர் "தோ ஆச்சும்மா, தோ ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, சட்டியில் மிச்சமிருந்த நூலை வழித்துச் சுற்றினான். நூல் மெலிந்துகொண்டே வந்தது. சர்க்கரை தீரப்போகிறது என்று அர்த்தம்.

நான் கரண்டி நிறைய சர்க்கரையை அள்ளினேன். ஸ்விட்சுப் பக்கம் என் கை போகவில்லை. மோட்டார் ஓடுகிற சத்தம், சுற்றிலும் இரைச்சல், எதிர்ப்பக்கம் தஸ்தகீர். டேனரியில் நின்ற மாதிரியே நின்றேன்.

"போடவா?"

அவன் தலை நிமிரவில்லை.

"போடு!"

போட்டேன்.

சர்க்கரை ஒரு பக்கமாக விழுந்தது. தலை உதறியது. மேஜை முழுக்கத் தடதடவென்று ஆடியது. சட்டியின் ஓரத்தில் மழை விழுகிற மாதிரி ஒரு சத்தம். அவன் கத்தவில்லை. குச்சியை மட்டும் கீழே போட்டுவிட்டு, ஒரு கையால் முகத்தை மூடிக்கொண்டு, "எல்லப்பா, ஆஃப் பண்ணு. பசங்கள தள்ளி நிக்கச் சொல்லு" என்றான்.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மேஜை ஓரத்தில் நின்ற எனக்கும் முழங்கையில் இரண்டு பொட்டு, அவ்வளவுதான். அவனுக்குக் கன்னத்தில், நெற்றியில், வலது கண் இமையில், இமைக்கு உள்ளே.

பிரியாணி அண்டாவுக்குப் பக்கத்தில் இருந்த டிரம்மிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அது சரிதான். ஆனால் இமையில் பாகு கண்ணாடி மாதிரி இறுகி ஒட்டியிருந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் நகத்தால் உரித்து எடுத்தேன். தோலும் சேர்ந்து வந்தது.

6. ஆஸ்பத்திரியில்

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போனோம். கண் பார்த்த டாக்டரம்மா என்னை வெளியே கூப்பிட்டுக் கேட்டார்.

"யாரு இத உரிச்சது?"

"நான் தான்மா."

"ஒட்டியிருந்தா உரிக்கவே கூடாது பெரியவரே. தண்ணி மட்டும் ஊத்திக்கிட்டே கொண்டு வரணும்."

"கண்ணு வந்துடுமாம்மா?"

"புண்ணு ஆறும். கருவிழியில தழும்பு நிக்கும். எவ்ளோ தெரியும்னு இப்ப சொல்ல முடியாது."

ஷமீம் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. என்னைத் திட்டும் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"அண்ணா," என்றது. "காலையில அவர் வேலைக்குப் போணும்ல. யார் கிட்ட சொல்றது?"

நான் போய்ச் சொன்னேன். மேனேஜர் நல்ல மனுஷன். ஆறட்டும், பிறகு வரட்டும், அதுவரை வேறு ஆள் எடுக்க மாட்டோம் என்றார்.

கட்டோடு படுத்திருந்த தஸ்தகீரிடம் போய் உட்கார்ந்தேன். என் செருப்புச் சத்தத்திலேயே கண்டுபிடித்துவிட்டான்.

"எல்லப்பா, நீ ஒண்ணும் நெனச்சுக்காத. நானும் தான் போடுன்னேன்."

"நான் கேட்டதால தானே நீ சொன்ன."

"நீ கேட்டா நான் வேற இன்னா சொல்லியிருக்கேன், இத்தன வருஷத்துல?"



7. ஜன்னல் பக்கம்

இரண்டு மாசம் கழித்துக் கட்டு, சொட்டு மருந்து எல்லாம் முடிந்தது. ஆள் தெரிகிறது, பஸ் தெரிகிறது, கிட்டே பிடித்தால் எழுத்து தெரிகிறது என்றான். பால் ஊற்றின மாதிரி லேசாக இருக்கிறது, போகப் போகச் சரியாகும் என்றான். வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என்னையும் கூப்பிட்டான். அந்த யூனிட்டுக்குப் பஸ்ஸில் போனோம். வழியெல்லாம் பழைய மேஸ்திரியைக் கிண்டல் செய்துகொண்டே வந்தான். அவ்வளவு பேசினவனை நான் வெகு நாளாகப் பார்க்கவில்லை.

மேனேஜர் இரண்டு தோல் துண்டுகளைக் கொண்டுவந்து கொடுத்தார். தஸ்தகீர் யாரும் சொல்லாமலே ஜன்னலைத் தேடிப் போனான். இரண்டையும் பிடித்துப் பார்த்தான். திருப்பினான். மடித்துப் பார்த்தான். கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோனான். நான் அவனுக்குப் பின்னால் நின்றேன். வாழ்நாளில் நான் ஷேட் பார்த்தவன் இல்லை. எனக்கே தெரிந்தது. ஒன்றில் செங்கல் மாதிரி சிவப்பு ஓடியது. மற்றது பழைய புளி மாதிரி கறுத்திருந்தது.

"ரெண்டும் ஒண்ணு தான் தம்பி," என்றான். "நல்லா மேட்ச் ஆயிருக்கு."

மேனேஜர் என்னைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன்.

"சரி பாய்," என்றார். "உக்காருங்க, டீ சாப்பிட்டுப் போங்க. நான் சொல்லி அனுப்பறேன்."

பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கேட்டான்.

"எல்லப்பா, ரெண்டும் ஒண்ணு தானே?"

"ஒண்ணு தான்."

"அப்புறம் ஏன் டீ குடுத்து அனுப்பிட்டான்? வேலைக்கு எடுக்கறவன் டீ குடுக்க மாட்டானே. நேரா டிரம்மாண்ட கூட்டிட்டுப் போவானே."

பஸ் வந்துவிட்டது. ஏறிவிட்டோம். மேனேஜர் சொல்லி அனுப்பவே இல்லை.

8. இப்போது

மிஷின் வாங்குகிறவர்களுக்கு, முக்கியமாக டிரம் ஓட்டினவர்களுக்குச் சொல்கிறேன். உங்கள் கை ஓடும்போது போட்டுப் பழகிய கை. இந்த மிஷினுக்கு அந்தக் கை ஆகாது. எவ்வளவு கூட்டம் நின்றாலும், யார் வந்து கத்தினாலும் ஸ்விட்சை அணைத்து, எண்ணி, தலை நின்றதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போடுங்கள். கூண்டைக் கழற்றாதீர்கள். பாகு ஒட்டினால் தண்ணீர் ஊற்றுங்கள், உரிக்காதீர்கள். கூட நிற்கிறவரிடம் போடவா என்று கேட்காதீர்கள். மிஷினைப் பார்த்தால் தெரிந்துவிடும். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். இதைத் தெரிந்துகொண்டதால் எனக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

இப்போதும் நானும் தஸ்தகீரும்தான் விழாக்களுக்குப் போகிறோம். வேறு வழி இரண்டு பேருக்கும் இல்லை. நான் மிஷின் பக்கம். அவன் தள்ளி நின்று, சுற்றி வைத்ததை எடுத்துக் கொடுப்பான். முன்பெல்லாம் கடையில் பாக்கெட்டில் விற்கிற அனுமதி உள்ள கலர் சேர்த்து, வெள்ளை ஒரு பக்கமும் ரோஸ் ஒரு பக்கமும் செருகி வைப்பேன். போன வருஷம் ஒரு ஸ்கூல் விழாவில் ஒரு சின்னப் பெண் வந்து ரோஸ் கேட்டது. அவன் எடுத்துக் கொடுத்தான்.

"தாத்தா, நான் ரோஸ் கேட்டேன்."

"ரோஸ் தான் கண்ணு அது."

"இல்ல தாத்தா. இது வெள்ளை."

கையில் இருந்ததைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் பார்த்தான். பிறகு இன்னொன்றை எடுத்து அதையும் கிட்டே கொண்டுபோனான். இரண்டையும் பிடித்துக்கொண்டு வெளிச்சம் வரும் பக்கம் திரும்பி நின்றான். அந்தப் பெண் பொறுத்துப் பார்த்துவிட்டு, தானே ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது.

அன்றிலிருந்து நான் வெள்ளை மட்டும்தான் போடுகிறேன். கேட்கிறவர்களிடம், கலர் உடம்புக்கு ஆகாது என்று சொல்கிறேன். தஸ்தகீரிடமும் அதையேதான் சொன்னேன். அவன், சரி என்றான்.